பைப்பின் இரு முனைகள்

கர்ல் கட்டளை பதிலுக்காக நிற்கிறது.

திரையின் கீழே கர்சர் துடிக்கிறது. பக்கம் வரவில்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.

இதே பைதான் ஸ்கிரிப்ட் டெர்மினலில் ஓடுகிறது. எண்டரைத் தட்டிய உடனே வரிகள் விழுகின்றன. ஜாவா சர்வரான டாம்கேட்டுக்குள்ளிருந்து அழைத்தால் ஒன்றுமில்லை.

கோப்பு ஒன்றே. ஓர் எழுத்தும் மாறவில்லை.

*

ரீஸ்டார்ட் செய்துவிடலாம் என்று ஓர் எண்ணம்.

செய்தால் ஓடும். சிறிது நேரம் ஓடும். எங்கே நின்றது என்ற தடயம் மட்டும் போய்விடும்.

எண்ணம் எழுந்த மாதிரியே அடங்குகிறது.

நிற்பது நிற்கட்டும்.

*

பிராசஸ் பட்டியல்.

ஜாவா இருக்கிறது. அதன் கீழே, ஒரு படி உள்தள்ளி, பைதான்.

சாகவில்லை. சிபியு பயன்பாடு 0.0. நிலை என்ற கட்டத்தில் ஓர் எழுத்து, எஸ். உறக்கம்.

*

ஜேஸ்டாக்.

நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி மறைகின்றன. மெல்ல மேலே தள்ளிப் பார்க்கிறேன்.

எக்செக்-7 என்ற த்ரெட். நிலை, வெயிட்டிங். அடுக்கின் உச்சிக்கு அருகில் பிராசஸ்இம்பிள். அதற்குள் வெயிட்ஃபார்.

பைதான் முடியட்டும் என்று ஜாவா காத்திருக்கிறது.

*

பைதான் எதற்குக் காத்திருக்கிறது?

கெர்னலுக்குத் தெரியும். பிராக் அடைவில், பிராசஸ் எண்ணின் கீழ், டபிள்யூசேன் என்று ஒரு சிறு கோப்பு. உள்ளே ஒரே சொல்.

பைப்_ரைட்.

எழுத முயல்கிறது. எழுத இடமில்லை.

*

அந்தச் சொல்லின் மேல் பார்வை தங்குகிறது.

மின்விசிறி தலையைத் திருப்புகிறது. காற்று கழுத்தில் படுகிறது. விலகுகிறது. படுகிறது.

*

ஜாவா ஒரு பிராசஸைத் தொடங்கும்போது மூன்று பைப்புகள் பிறக்கின்றன.

உள்ளே போக ஒன்று. விடை வெளியே வர ஒன்று. பிழை வெளியே வர ஒன்று.

ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஒரு முனையில் எழுதலாம். மறுமுனையில் படிக்கலாம். படித்தே ஆகவேண்டும் என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

*

லினக்ஸில் ஒரு பைப்பின் இயல்பான கொள்ளளவு 65,536 பைட். கெர்னல் 2.6.11-க்கு முன்னால் 4,096.

ஒரு தமிழ்க் குறிக்கு யூடிஎஃப்-8-இல் 3 பைட். சுமார் 21,800 குறிகள் கொள்ளும். நான்கைந்து கட்டுரைகள்.

அதற்கு மேல் ஒரு குறி வந்தாலும் எழுதுகிறவர் நிற்கவேண்டியதுதான்.

*

இந்த ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிசையையும் படித்ததும் ஒரு லாக் வரி எழுதுகிறது.

பைதானின் லாகிங் மாட்யூல், இடம் சொல்லாவிட்டால், எரர் ஓட்டத்தில் எழுதும்.

வரி ஒன்றுக்கு 100 பைட் என்று வைத்தால், அறுநூற்றுச் சொச்சம் வரிகள். பிறகு பைப் நிறைகிறது.

சோதனைக் கோப்பில் சில பத்து வரிசைகளே. அதனால் சோதனையில் நிற்கவில்லை.

டெர்மினலில் இந்தப் பைப்பே இல்லை. வருவதையெல்லாம் திரை வாங்கிக்கொள்கிறது. அதனால் அங்கேயும் நிற்கவில்லை.

*

ஜாவா, பைதான் முடிந்த பிறகு படிக்கலாம் என்றிருக்கிறது.

பைதான், யாராவது படித்த பிறகு முடிக்கலாம் என்றிருக்கிறது.

இரண்டு பேரிடமும் பிழை என்று சொல்ல ஒரு வரி இல்லை.

*

வெயிட்ஃபாருக்குப் பதில், விடையின் ஓட்டத்தை முதலில் கடைசிவரை படிக்கும் நிரல்களும் உண்டு. அங்கேயும் எரர் பைப் நிறையும். அங்கேயும் இதே நிற்றல்.

ஆனால் ஜேஸ்டாக் அந்த த்ரெட்டை ரன்னபிள் என்று எழுதும். கெர்னலின் ரீட் அழைப்புக்குள் போய்விட்டதை ஜேவிஎம் ஓட்டம் என்றே எண்ணுகிறது.

ஓடுகிறது என்று எழுதியிருக்கும். ஓடாது.

*

ஒன்று செய்து பார்க்கலாம்.

பிராக் அடைவில் அந்தப் பைதானின் எண். அதற்குள் எஃப்டி. அதற்குள் 2. எரர் ஓட்டம்.

ரூட் உரிமையோடு, கேட் கட்டளையால் அதைப் படிக்கிறேன்.

*

வரிகள் கொட்டுகின்றன.

தேதி. நேரம். வரிசை எண். ஊர்ப் பெயர். தேதி. நேரம். வரிசை எண். ஊர்ப் பெயர்.

அறுநூற்றுச் சொச்சத்தில் நிற்கவில்லை. எண் ஏறிக்கொண்டே போகிறது. பைதான் விழித்திருக்கிறது.

பக்கத்துச் சன்னலில் கர்ல் பதிலைப் பெற்று முடிகிறது. 200. ஓகே.

கோடில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. யாரோ படித்தார்கள். அவ்வளவே நடந்தது.

*

தோள்கள் இறங்குகின்றன. அவை ஏறியிருந்தது இப்போதுதான் தெரிகிறது.

*

சரிசெய்யும் வழிகள்.

எரரையும் விடையையும் ஒரே ஓட்டமாக்கலாம். ரீடைரக்ட்எரர்ஸ்ட்ரீம், ட்ரூ. ஜாவா 5 முதல் இருக்கிறது. விடை ஜேசான் என்றால் லாக் வரிகள் அதற்குள் கலந்துவிடும்.

எரரை ஒரு கோப்பின் கடைசியில் சேர்க்கச் சொல்லலாம். ஜாவா 7 முதல். கோப்புக்கு 65,536 என்ற எல்லை இல்லை. வட்டு நிறையும் வரை வாங்கும்.

எரரைப் படிப்பதற்கென்றே ஒரு த்ரெட் வைக்கலாம்.

மூன்றிலும் ஒரே செயல். மறுமுனையில் ஆள்.

*

வெயிட்ஃபாருக்கு ஒரு கால எல்லை கொடுக்கிறேன். ஜாவா 8 முதல் அது ஏற்கும்.

இத்தனை நொடிக்குள் முடியாவிட்டால், முடியவில்லை என்று திரும்பி வரும்.

எல்லை வைத்த காத்திருப்பு. எல்லையற்ற காத்திருப்பு. நிற்கும்போது இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

*

டாம்கேட்டில் இயல்பாக 200 த்ரெட்.

ஓர் அழைப்பு நின்றால் ஒன்று போகிறது. மிச்சம் 199. யாருக்கும் தெரிவதில்லை.

காலையில் சில. மதியம் சில. இருநூறும் போன பிறகுதான் தொலைபேசி ஒலிக்கிறது.

அதற்குள் முதலாவது நின்று எத்தனையோ நேரம் ஆகியிருக்கும்.

*

உள்ளே போகும் பைப்பும் உண்டு.

ஸ்கிரிப்ட் உள்ளீட்டைக் கடைசிவரை படிக்க நினைக்கிறது. கடைசி என்பது, எழுதும் முனை மூடப்படும் கணம். ஜாவா எழுதி முடித்துவிட்டது. மூடவில்லை.

சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மிச்சமில்லை என்பதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

குளோஸ். ஒரே வரி.

*

டெஸ்ட்ராய் என்று அழைத்தால் பைதான் போய்விடுகிறது. பைதான் தொடங்கிய இன்னொரு பிராசஸ் போவதில்லை.

அதன் கையில் அதே பைப்பின் எழுதும் முனை இருக்கிறது. அது இருக்கும்வரை படிக்கிறவருக்கு முடிவு வராது.

பிள்ளை போன பிறகு பேரனுக்காகக் காத்திருக்கிறது ஜாவா. அவன் இருப்பது அதற்குத் தெரியாது.

ஜாவா 9-இல் பிராசஸ்ஹேண்டில் வந்தது. பிள்ளை இருக்கும்போதே டிசென்டன்ட்ஸ் என்று கேட்டால் எல்லாரையும் காட்டும்.

*

வெளியே ஒரு வண்டி நிற்கிறது. எஞ்சின் அணைகிறது. காலடிகள் மாடிப்படியில் ஏறி வேறெங்கோ போகின்றன.

*

இன்னொரு ஸ்கிரிப்ட். இது தொடங்கவே இல்லை.

எரர் 2. அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.

கோப்பு இருக்கிறது. கண்முன்னே இருக்கிறது.

*

டெர்மினலில் ஓட்டுவது என் பெயர். சர்வரில் ஓட்டுவது டாம்கேட் என்ற பயனர்.

அந்தப் பயனர் லாகின் செய்வதில்லை. பாஷ்ஆர்சி படிக்கப்படுவதில்லை. அதில் நான் எழுதிவைத்த பாத் அங்கே இல்லை. ஆக்டிவேட் செய்த வர்ச்சுவல் என்விரான்மென்ட்டும் இல்லை.

பைதான் என்று மட்டும் சொன்னால், எந்தப் பைதான் என்று அதற்குத் தெரியாது.

*

என்விரான்மென்ட்டை ஆக்டிவேட் செய்யத் தேவையில்லை. அதன் ‘பின்’ என்ற அடைவில் இருக்கும் பைதானை முழுப் பாதையோடு அழைத்தால் போதும். தன் லைப்ரரிகளைத் தானே கண்டுகொள்கிறது.

*

தன்னைச் சுற்றி இருப்பதை மட்டும் அச்சிடும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதுகிறேன்.

எந்தப் பயனர். எந்த அடைவு. எந்தப் பைதான். பாத் என்ன. லொக்கேல் என்ன.

டெர்மினலில் ஓட்டுகிறேன். பக்கம் நிறைகிறது.

சர்வரே ஸ்கிரிப்டை அழைக்கும் சிஜிஐ முறையில் ஓட்டுகிறேன். சர்வர் கொடுத்த சில பெயர்கள். டாம்கேட்டின் சிஜிஐ சர்வ்லெட், பாஸ்ஷெல்என்விரான்மென்ட் என்பதை ட்ரூ ஆக்காதவரை, தன் சூழலைக் கீழே கொடுப்பதில்லை.

இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இல்லாதவை எவை என்று பார்க்கிறேன்.

ஹோம் இல்லை. லாங் இல்லை.

*

நேரடியாக ஓட்டும் இன்னொரு ஸ்கிரிப்டில் முதல் வரி சரியாக இருக்கிறது. ஹாஷ், ஆச்சரியக்குறி, பாதை, பைதான்3.

ஆனாலும் எரர் 2.

‘ஓடி’ என்ற கட்டளையால் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் பிரிக்கிறேன். பைதான்3 என்பதன் பின்னால், வரி முடிவான 10-க்கு முன்னால், 13.

விண்டோஸில் திருத்திய கோப்பு. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. கெர்னல் அதையும் பெயரோடு சேர்த்துத் தேடுகிறது. 13-இல் முடியும் பைதான் எதுவும் இந்த வட்டில் இல்லை.

எரர் சொன்னது உண்மை.

*

எதைக் கொண்டு ஓட்டவேண்டும் என்று சொல்லாவிட்டால், டாம்கேட்டின் சிஜிஐ பெர்லை அழைக்கிறது. அந்தக் காலத்து வழக்கம்.

பெர்ல் கோப்பைத் திறக்கிறது. முதல் வரியைப் பார்க்கிறது. அதில் தன் பெயர் இல்லை. பைதானின் பெயர் இருக்கிறது.

தான் ஓட்டாமல் பைதானிடம் கொடுத்துவிடுகிறது.

பெர்லின் கையேட்டிலேயே இது எழுதியிருக்கிறது. முதல் வரி இல்லாத ஸ்கிரிப்டைப் பெர்ல் தானே படிக்க முயலும். அப்போது சின்டாக்ஸ் எரர்.

*

சிஜிஐயில் முதலில் ஹெடர். பிறகு ஒரு வெற்று வரி. பிறகு உள்ளடக்கம்.

1993-இல் என்சிஎஸ்ஏ வகுத்தது. 2004-இல் ஆர்எஃப்சி 3875 ஆனது. வெற்று வரி அப்படியே இருக்கிறது.

அதை விட்டுவிட்டால் டாம்கேட் உள்ளடக்கத்தையும் ஹெடர் என்றே படிக்கிறது. ஹெடர் வரி சரியில்லை என்று லாகில் எழுதுகிறது. மீண்டும் எழுதுகிறது. கோலன் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் எழுதுகிறது.

ஒன்றுமில்லாத ஒரு வரி அங்கே இருந்திருக்கவேண்டும்.

*

அச்சிட்டது வரவில்லை.

பிரிண்ட் நடந்திருக்கிறது. மறுமுனைக்கு வரவில்லை. திரைக்கு எழுதும்போது பைதான் வரிவரியாக அனுப்புகிறது. பைப்புக்கு எழுதும்போது சேர்த்துவைத்து அனுப்புகிறது.

ஹைஃபன் யூ போட்டால் சேர்த்துவைக்காது.

எரர் ஓட்டம் பைதான் 3.9 முதல் எப்போதும் வரிவரியாகவே போகிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாக்கிய லாகில், பின்னால் நடந்த பிழை முன்னால் நிற்கும். முன்னால் நடந்த பிரிண்ட் பின்னால் வரும்.

லாகில் இருக்கும் வரிசை, வந்து சேர்ந்த வரிசை.

*

அ.

யூனிகோடில் 2949. பைட்டுகளில் 224, 174, 133.

ஸ்கிரிப்ட் இந்த ஓரெழுத்தை அச்சிடுகிறது. டெர்மினலில் வருகிறது. சர்வரில் யூனிகோட்என்கோட்எரர். 128-க்குள் இல்லை என்கிறது.

பைதான் 3.6. லொக்கேல் சி. லாங் இல்லாத இடத்தில் அதற்கு ஆஸ்கி மட்டுமே தெரியும்.

2018-இல் வந்த 3.7, சி லொக்கேலிலும் யூடிஎஃப்-8 பேசுகிறது. பழையதற்குப் பைதான்ஐஓஎன்கோடிங் என்ற மாறி போதும்.

*

பைதான் சரியாக அனுப்புகிறது. ஜாவா தவறாகப் படிக்கிறது.

ஜாவா 18-க்கு முன் இயல்பான கேரக்டர்செட் லொக்கேலைப் பொறுத்தது. லொக்கேல் வெறுமையாக இருந்தால் அங்கேயும் ஆஸ்கி. 2022-இல் வந்த 18 முதல் யூடிஎஃப்-8.

பழைய ஜாவாவின் லாகில் அ இருக்கவேண்டிய இடத்தில் மூன்று கேள்விக்குறிகள். பைட்டுக்கு ஒன்று.

படிக்கும் இடத்தில் யூடிஎஃப்-8 என்று எழுதுகிறேன். அ வருகிறது.

அதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

*

ஸ்கிரிப்ட் டெம்ப் அடைவில் ஒரு கோப்பை எழுதுகிறது. எழுதிவிட்டேன் என்கிறது.

டெம்ப் அடைவில் அந்தக் கோப்பு இல்லை.

டெபியனின் டாம்கேட் 9, சிஸ்டம்டியின் கீழ் பிரைவேட்டெம்ப் என்ற அமைப்போடு ஓடுகிறது. அதற்குத் தனி டெம்ப். அதன் பிள்ளையான பைதானுக்கும் அதே தனி டெம்ப்.

சிஸ்டம்டி-பிரைவேட் என்று தொடங்கும் நீண்ட பெயருள்ள அடைவு. உள்ளே டெம்ப். உள்ளே கோப்பு.

எழுதியது உண்மை. இல்லாததும் உண்மை.

*

எக்ஸிட் கோட் 137.

128-ஐக் கழித்தால் 9. சிக்கில்.

ஸ்கிரிப்டுக்குச் சொல்லிக்கொள்ள நேரம் இல்லை. ட்ரேஸ்பேக் இல்லை. எரர் ஓட்டம் காலி.

டிமெசேஜ் பார்க்கிறேன். நினைவகம் போதவில்லை, பைதானைக் கொன்றேன் என்று கெர்னல் எழுதியிருக்கிறது.

ஜேவிஎம்முக்குக் கொடுத்த ஹீப் அளவு பைதானைக் கட்டுப்படுத்தாது. கன்டெய்னரின் எல்லை இரண்டுக்கும் சேர்த்து. ஹீப்புக்கு ஏறத்தாழ முழுவதையும் கொடுத்த இடத்தில், பைதானுக்கு மிஞ்சுவது ஓரம்.

*

தேநீர் ஆறிவிட்டது. மேலே ஆடை படர்ந்திருக்கிறது. குடிக்கிறேன்.

*

பைப்பே இல்லாத வழி ஒன்று உண்டு.

ஜைத்தான். 1997-இல் ஜிம் ஹியூகுனின் இதை ஜேபைதான் என்ற பெயரில் தொடங்கினார். பைதான் கோடு ஜேவிஎம்முக்குள்ளேயே ஓடுகிறது. வேறு பிராசஸ் இல்லை. காத்திருக்க மறுமுனை இல்லை.

ஸ்டாக் ட்ரேஸில் இரண்டு மொழிகளும் கலந்து இறங்குகின்றன. பைதான் வரி. ஜாவா வரி. ஜாவா வரி. பைதான் வரி.

வழக்கமான பைதானின் ஜில் என்ற பூட்டும் அங்கே இல்லை. த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பூட்டை நம்பி எழுதிய கோடு அங்கே முதன்முறையாகத் தடுமாறும்.

*

ஆனால் அது 2.7.

பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது. எஃப்-ஸ்ட்ரிங் போட்டால் சின்டாக்ஸ் எரர். நம்பை சி மொழியில் எழுதப்பட்டது, இம்போர்ட் ஆகாது.

ஒரு வாசல் மூடியிருக்கிறது. ஏன் மூடியிருக்கிறது என்று தெரிகிறது.

*

பழைய ஸ்கிரிப்ட் ஒன்று. முதல் இம்போர்ட்டே சிஜிஐ.

நேற்றுவரை ஓடியது. பைதான் 3.13-க்கு மாறிய பின் ஓடவில்லை.

சிஜிஐ மாட்யூலை 2022-இல் 3.11 கைவிடப்போவதாக அறிவித்தது. 2024 அக்டோபரில் 3.13 எடுத்தேவிட்டது. சிஜிஐடிபியும் அதோடு போனது.

பக்கத்தில் 500. எரர் ஓட்டத்தில், மாட்யூல் காணவில்லை என்று தெளிவாக ஒரு வரி. அதை யாரும் எந்தக் கோப்புக்கும் அனுப்பவில்லை.

சொல்லப்பட்டிருக்கிறது.

*

டாம்கேட்டின் லாகான கேட்டலினா.அவுட் நீண்டுகொண்டே போகிறது. டெய்ல் போட்டு விட்டுவைத்திருக்கிறேன். ஒரு வரி. நீண்ட நேரம் ஒன்றுமில்லை. ஒரு வரி.

ஒன்றுமில்லாத நேரத்தில் எல்லாம் நன்றாக நடக்கிறதா, எல்லாம் நின்றிருக்கிறதா என்று இந்தத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பிராசஸ் பட்டியலை மீண்டும் திறக்கிறேன்.

ஜாவா இருக்கிறது. அதன் கீழே யாரும் இல்லை.

*

டாம்கேட்டின் சிஜிஐ சர்வ்லெட் வெப்.எக்ஸ்எம்எல்-இல் கமென்ட்டுக்குள்தான் வருகிறது. வேண்டுமென்று எடுத்துவிட்டால்தான் ஓடும். கான்டெக்ஸ்டுக்குப் பிரிவிலெஜ்டு என்ற அனுமதியும் வேண்டும்.

2019-இல் சிவிஇ-2019-0232. விண்டோஸில், முகவரியில் வரும் சொற்களைக் கட்டளை வரிக்குக் கொடுக்கும் அமைப்பு திறந்திருந்தால், வெளியாள் தன் கட்டளையை ஓட்டிவிடலாம். அந்த அமைப்பு இன்று இயல்பில் அணைந்திருக்கிறது.

அதை அப்படியே விடுகிறேன். ஸ்கிரிப்டின் முழுப் பாதையையும் பைதானின் முழுப் பாதையையும் எழுதுகிறேன். லாங் என்ற மாறியைச் சேர்க்கிறேன்.

கடைசியாக ஸ்டெட்எர்டைம்அவுட். ஸ்கிரிப்டின் எரர் ஓட்டத்தைப் படித்து முடிக்க டாம்கேட் தரும் நேரம் அது. அதற்குள் முடியாவிட்டால் பிராசஸை நிறுத்திவிடும். யாரும் மாற்றாவிட்டால் அதன் அளவு 2,000 மில்லிசெகண்ட்.